நிற்கச் சொன்ன தண்ணீர்

“அப்ப அந்தத் தண்ணி எங்க போகுது?”

“தெரியா சேர். அங்கால போய் நில்லு எண்டு சொல்லுவன். எழும்பிப் போகும். மறுகா நான் கிறுகிப் பார்க்கிறல்ல.”

“எழும்பிப் போகுமோ?”

“ஓம் சேர். நடந்துதான்.”

நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்த லொறெய்ன் இப்படிச் சொன்னபோது, பாலத்தடிப் பிரதேச சபையின் நிர்வாக உத்தியோகத்தர் சந்தியாப்பிள்ளை ‘நடந்து’ என்று தாளில் எழுதினார். பிறகு அதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, ‘நீர் அகற்றப்படுகிறது, முறை தெளிவில்லை’ என்று எழுதினார். மேசையில் அவருக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. லொறெய்னின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. விண்ணப்பத்தின் அடியில் அவள் இடக்கையால் போட்டிருந்த சாய்ந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லொறெய்ன் வெட்டும் குழியில் தண்ணீர் நிற்பதில்லை என்பது பாலத்தடியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாவிக்கரை ஊர், முழுக்க மணல். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களில் மூன்றடி தோண்டினால் தண்ணீர் வரும், மாரியில் ஒன்றரை அடியே போதும். முன்பெல்லாம் சேமக்காலையில் சவப்பெட்டியை இறக்கினால் அது மிதக்கும். இரண்டு பேர் மேலே ஏறி நின்று அமுக்குவார்கள், பாதிரியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஜெபம் சொல்வார். பத்து வருடத்துக்கு முந்திய மார்கழி வெள்ளத்தில், அதுவரை குழி வெட்டிக்கொண்டிருந்தவர் மண் அள்ளும் சவளைப் பாதிக் குழியில் குத்தி வைத்துவிட்டுக் கட்டாருக்கு விமானம் ஏறிவிட்டார். பெட்டி வந்துவிட்டது, குழி வரவில்லை. அந்தப் பெட்டியைச் செய்த தச்சன் ஜோர்டனோடு மூடியைப் பிடித்துக்கொள்ள வந்திருந்தவள் அவனுடைய மனைவி லொறெய்ன். சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, கவுனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் குழிக்குள் இறங்கினாள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஏறி இடுப்புக்கு வந்தது. மேலே செத்தவரின் மகள், அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அழுதுகொண்டிருந்தாள்.

லொறெய்னுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு வீட்டுப் பேச்சுத்தான் வாயில் வரும். அவர்கள் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். பறங்கி மொழியில் அவளுக்கு முப்பது சொல்லுக்கு மேல் தெரியாது, அதிலும் பாதி திட்டுவதற்கானவை. ஆனால் அவள் வீட்டில் தண்ணீருக்கு ‘ஆகு’ என்றுதான் பெயர். அவள் குழிக்குள் நின்றபடி, “ஆகு! இவரு படுக்கோணும். கொஞ்சம் அங்கால போய் நில்லு,” என்றாள். வாவித் தண்ணீரை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும். அது திரும்பிப் பார்த்தது. பிறகு குழியின் வடக்கு விளிம்பைப் பிடித்து ஏறி, வயிற்றுக்குள் இரண்டு இறால் குஞ்சுகளோடு, பின்மதில் பக்கமாக நடந்து போனது. குழியின் அடியில் மணல் அவித்த மா போலக் காய்ந்து கிடந்தது. அன்று இறால் விலை இறங்கியிருந்தது என்பதும் ஊருக்கு நினைவிருக்கிறது.

முதல் மாதம் சனம் வேடிக்கை பார்க்க வந்தது. மூன்றாம் மாதம் யாரும் வரவில்லை. ஒரு வருடத்துக்குள், தண்ணீர் ஏறி நடப்பது பஸ் பிந்தி வருவதைப்போல ஊருக்குப் பழகிவிட்டது. லொறெய்ன்தான் பழகாமல் இருந்தாள், ஏனென்றால் அவளுக்கு நேரம் இருக்கவில்லை. ஜோர்டன் வீட்டில் பெட்டியை அளந்து நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பான். அந்த நூலை மணலில் நீட்டி வைத்து அவள் வெட்டத் தொடங்குவாள். இடக்கைக்காரி என்பதால் எப்போதும் இடது மூலையிலிருந்துதான் முதல் வெட்டு. கட்டிய மணலுக்கு அலவாங்கு, இளகிய மணலுக்குச் சவள், சரியும் பக்கத்துக்குத் தென்னம்பலகை. மூடி முடித்ததும் கைக்குத் தேசிக்காய் தேய்ப்பாள். பிறகு, செத்த வீட்டுக்கும் சேமக்காலைக்கும் உரிய முறைப்படி, ஒருவரிடமும் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பாள். அந்த இடத்தில் அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொன்னதாகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை அது.

ஊர் அவளுக்கு வேலையைக் கொடுத்தது, முகத்தைக் கொடுக்கவில்லை. காலையில் அவள் சவளோடு வந்தால் சனம் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிப்போகும். முழிவியளம், அதாவது விடிய முழித்த முகம், சரியில்லை என்று, சந்தைக்குப் புறப்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பிப்போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். “நான் என்ன உங்கள அளந்து பார்க்கவா வாறன்?” என்று அவள் கத்துவாள். அளந்துதான் பார்த்தாள் என்பது வேறு கதை. ஒருவரைக் கண்டால் எத்தனை அடி என்று கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும். தொழில் அப்படி.

அவளை முகத்துக்கு நேரே பார்த்துப் பேசிய ஒரே ஆள் ஹமீட் காக்கா. முஸ்லிம்களை அடக்கும் காத்தான்குடி மையவாடியில் கபுறு வெட்டுகிறவர், அறுபது வயது. அவருக்கும் தண்ணீர்தான் எதிரி. ஒரு மாரியில் சைக்கிளில் வந்து, “தங்கச்சி, அந்தச் சொல்ல எனக்கும் தா,” என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் கொடுத்தாள். அவர் போய், மையவாடிக்கு வெளியே தன் வளவில் ஒரு பரிசோதனைக் குழி வெட்டி, தண்ணீர் ஊறியதும் கம்பீரமாக நின்று “ஆகு!” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப்போலக் கூப்பிட வேண்டியதை, தமிழில் ஏவுவதைப்போலச் சொல்லிவிட்டார். ஆகு என்றால் ஆகத்தானே வேண்டும். என்னவாக என்று அவர் சொல்லாததால் தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தயிரானது. நல்ல எருமைத் தயிர், ஏடு படிந்து, ஆறடி நீளத்துக்கு. அவருடைய மகள் நுஸ்ரா சட்டிகளைக் கொண்டுவந்து அள்ளி, மூன்று நாள் அயலுக்கெல்லாம் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஹமீட் காக்கா அந்தச் சொல்லைத் தொடவில்லை. ஆனால் லொறெய்னைக் கண்டால், “தங்கச்சி, மறுகா பனங்கட்டி ஆகு எண்டும் சொல்லியிருந்தா, தயிரோட சேர்த்துத் திண்டிருக்கலாம்,” என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப் பத்து வருடம் போனது. பிறகு சபையிலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. தை மாதம் முதல் சேமக்காலையில் குழி வெட்ட மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்று வரும். நாட்கூலிக்கு வெட்டுகிறவர்கள் இனி வரத் தேவையில்லை. பத்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவர்கள், அதற்கு ஆதாரம் காட்டினால், நிரந்தரமாக்கப்படுவார்கள். லொறெய்ன் விண்ணப்பம் போட்டாள். ஆதாரத்துக்குச் சேமக்காலைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதில் செத்தவரின் பெயர் இருந்தது, சாட்சியின் பெயர் இருந்தது, ஜெபம் சொன்ன பாதிரியாரின் பெயர் இருந்தது, பெட்டியை ஏற்றிவந்த வானின் இலக்கம்கூட இருந்தது. குழியை வெட்டியவரின் பெயரை எழுத ஒரு கட்டமே இருக்கவில்லை. பத்து வருடத்தில் நானூற்று முப்பத்தேழு பேர் தாங்களாகவே மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டதைப்போல அந்தப் புத்தகம் இருந்தது.

ஊர்ச் சனத்தைக் கேட்டால் சொல்வார்களே என்று அவள் சொன்னாள். வாய்ச்சொல் செல்லாது என்றார் சந்தியாப்பிள்ளை. இதற்கிடையில் பெக்கோவை ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. சாரதி பஸ்லான் ஒரே வாளியில் குழியைத் தோண்டினான், அடுத்த நிமிடம் குழி குளமானது, அதற்கடுத்த நிமிடம் இயந்திரத்தின் முன்சில்லுகள் உள்ளே இறங்கின. லொறெய்ன் போய்த் தண்ணீரிடம் பேசி, அதைக் குழிக்குள்ளேயே ஓர் ஓரமாக ஒதுங்கவைத்து அவனை வெளியே எடுத்துவிட்டாள். “அக்கா, இந்த மெசினுக்கு உங்கட சொல் விளங்குதில்லையே,” என்றான் பஸ்லான். “அதுக்குப் பேர் வைக்கல்லையே மனே, எப்பிடி விளங்கும்?” என்றாள் அவள். ஆனாலும் இயந்திரத்துக்கு நியமனக் கடிதம் தேவையில்லை என்பது சபைக்குப் பிடித்திருந்தது. அந்த நிலையில்தான் நேர்முகப் பரீட்சை நடந்தது. முடிவில் சந்தியாப்பிள்ளை இரண்டு விஷயம் கேட்டார். பத்து வருடம் வெட்டியது அவள்தான் என்பதற்கு ஆதாரம். வெளியேறிய தண்ணீர் எங்கே போனது என்பதற்கு விளக்கம், ஏனெனில் சபை பிறர் காணிக்குள் தண்ணீர் விட முடியாது. தவணை பதினான்கு நாள்.

பதின்மூன்றாம் நாள் லொறெய்ன் சேமக்காலைப் படலையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஜோர்டன் பெட்டிக்குப் பலகை இழைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அந்த வழியால் வந்த ஹமீட் காக்கா சைக்கிளைச் சாத்திவிட்டு, போத்தலில் கொண்டுவந்த வெறுந்தேத்தண்ணியில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

“நீ அதுட்ட என்னகா சொல்லுவ? சொன்ன மாதிரியே சொல்லு பார்ப்பம்.”

“அங்கால போய் நில்லு எண்டுவன், காக்கா.”

“நில்லு எண்டு சொல்லுவ. சரி. மறுகா, போ எண்டு சொல்லுவியா?”

“சேமக்காலையில நிண்டுகொண்டு ஆராச்சும் போயிட்டு வா எண்டு சொல்லுவாங்களா?”

ஹமீட் காக்கா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப அது நிக்கிதுகா,” என்றார்.

லொறெய்ன் எழுந்து, பத்து வருடத்தில் முதல் தடவையாகப் பின்மதிலின் உடைந்த மூலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். மதிலுக்கும் வாவியோரத்துக் கண்ணா மரப் புதருக்கும் நடுவில், யாரும் கால் வைக்காத ஒரு நீண்ட வெளி இருந்தது. பாலத்தடி ஆடுகளுக்கு மட்டும் அந்த இடம் தெரியும். அவை வெயில் மாதங்களிலும் அங்கே போய்த் தாகம் தீர்த்துக்கொண்டு வருவது எப்படி என்று எவரும் கேட்டதில்லை. அங்கே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு குழியின் தண்ணீரும் அந்தந்தக் குழியின் நீள அகலத்தில், பாத்திரம் எதுவும் இல்லாமல், வரிசையாக நின்றது. மாரித் தண்ணீர் ஆளுயரம், கச்சான் காலத்துத் தண்ணீர் முழங்காலளவு. நெட்டையான கொல்லன் ஒருவனுக்காக ஏழடி வெட்டிய குழியின் தண்ணீர் ஓரத்தில் தனியே நீண்டு நின்றது. பிள்ளைகளின் தண்ணீர் முன்வரிசையில் நின்றது. முதல் குழித் தண்ணீரோடு போன இரண்டு இறால் குஞ்சுகளும் கிழவன் இறால்களாகி மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. பத்து வருடம் கால்கடுக்க நிற்கவைத்துவிட்டோமே என்று லொறெய்னுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொன்றையும் தொட்டு மன்னிப்புக் கேட்டாள். முடிய மாலையாகிவிட்டது.

மறுநாள் காலை, லொறெய்ன் சொல்லியனுப்ப, சந்தியாப்பிள்ளை குடை, சேமக்காலைப் புத்தகம், அளவுநாடா, நேர்முகப் பரீட்சை மேசையில் இருந்த மற்ற இருவர் சகிதம் வந்தார். அவருக்குப் பின்னால் ஊர் வந்தது. அவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. புத்தகத்தை விரித்து, முதல் பெயரை வாசித்து, முதல் தண்ணீரை அளந்தார். மார்கழி என்று புத்தகம் சொன்ன இடத்தில் ஆளுயரத் தண்ணீர் நின்றது, ஆவணி என்று சொன்ன இடத்தில் குட்டைத் தண்ணீர் நின்றது. ஒவ்வொன்றின் இடது மூலையிலும் ஒரு சாய்ந்த வெட்டு இருந்தது. இடக்கைக்காரியின் சவள் முதலில் இறங்கிய இடம் அது. விண்ணப்பத்தில் இருந்த கையெழுத்தும் அதே பக்கம் சாய்ந்திருந்ததை அவர் மற்ற இருவருக்கும் காட்டினார். இப்படி ஒரு கையெழுத்தை வேறொருவர் போட முடியாது என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். வெயில் ஏறியது. எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டியது, நானூற்றைத் தாண்டியது. நானூற்று முப்பத்தேழாவது பெயரோடு புத்தகம் முடிந்தது. தண்ணீர் முடியவில்லை. ஒன்று கூடுதலாக நின்றது.

கூட வந்த இருவரில் ஒருவர் தலையை ஆட்டினார். கணக்கு ஒன்றில் பிழைத்தால் எல்லாமே சந்தேகம்தான், விண்ணப்பத்தைத் திருப்ப வேண்டியதுதான் என்றார். ஹமீட் காக்கா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

“அது புத்தகத்தில இருக்காது சேர்,” என்றாள் லொறெய்ன். “ஏழு வருசத்துக்கு முந்தி, கார்த்திகை மாதம், கொட்டுற மழை. ஒருத்தர் தனியா வந்தாரு. மழைக்கோட்டுத் தொப்பி மூஞ்சிய மூடியிருந்திச்சு. கையில சப்பாத்துப் பெட்டி. பிறக்கக்குள்ளேயே மூச்சில்லாத பிள்ள, பேர் வைக்கல்ல எண்டாரு. பேர் இல்லாட்டிப் புத்தகத்தில எழுத மாட்டாங்க. அந்த அளவுக்குச் சவள் பெரிசு சேர். நான் சிரட்டையால வெட்டினன்.”

அது முன்வரிசையின் கடைசியில் நின்றது. ஒரு சப்பாத்துப் பெட்டியளவு, கணுக்காலுயரம். அதன் இடது மூலையில் மட்டும் சவளின் வெட்டு இல்லை, சிரட்டை சுரண்டிய வளைவு இருந்தது. சந்தியாப்பிள்ளை குடையை மடக்கி மதிலில் சாத்தினார். செருப்பைக் கழற்றினார். அதன் முன்னால் போய்க் குந்தி இருந்தார். அவர் அளவுநாடாவை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் இரு பக்கமும் வைத்து, அந்த அளவு முன்பே தெரிந்தவரைப்போல, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் லொறெய்னுக்கு விளங்கியது, நேர்முகப் பரீட்சையில் அவர் ஏன் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்று. மழையில் சப்பாத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகள் அவை.

“கணக்குச் சரி,” என்றார் அவர், திரும்பாமலே. “புத்தகம்தான் பிழை.”

நியமனக் கடிதம் நான்காம் நாள் வந்தது. அதோடு சேமக்காலைப் புத்தகமும் வந்தது. சிவப்புப் பேனையால் அடிமட்டம் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு புதிய கட்டம் கீறப்பட்டிருந்தது. தலைப்பு: குழி வெட்டியவர். லொறெய்ன் மூன்று நாள் இருந்து அதில் நானூற்று முப்பத்தெட்டுத் தடவை கையெழுத்துப் போட்டாள். கடைசி வரியில், பெயருக்கான இடம் வெறுமையாக இருக்க, அவளுடைய கையெழுத்து மட்டும் இருந்தது. பெக்கோ வடிகான் வெட்டப் போனது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மயானங்களில் விறகு அடுக்கிச் சிதை மூட்டுகிறவர்களும், காத்தான்குடியில் கபுறு வெட்டுகிறவர்களும் இந்தச் செய்தி கேட்டுத் தங்கள் புத்தகங்களிலும் ஒரு கட்டம் கேட்டுப் போனார்கள், கிடைத்தது. பிற்பாடு பாலத்தடியில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் தோணி இறக்குகிற மீன்காரர்களும் விடிய எழும்பி லொறெய்னின் படலையில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அவளுடைய முகத்தில் முழித்தால் வழியில் நிற்கிறதெல்லாம் விலகும் என்பது ஊரின் புது நம்பிக்கை. “பல்லுத் தீட்டவாச்சும் விடுங்க!” என்று அவள் உள்ளேயிருந்து கத்துவாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. கையெழுத்துப் போட்டு முடித்த அன்று பின்னேரம், தண்ணீருக்கு விடை கொடுக்க வேண்டியிருந்தது. ஊர் வீதியின் இரு பக்கமும் நின்றது. ஹமீட் காக்காவும் பஸ்லானும் சந்தியில் நின்று பஸ்களை மறித்தார்கள். லொறெய்ன் மதிலுக்குப் பின்னால் போய், நிற்பவர்களுக்கு முன்னால் நின்று, எந்தச் சேமக்காலையிலும் எவரும் சொல்லாததைச் சொன்னாள். “ஆகு,” என்று கூப்பிட்டாள். எல்லாம் திரும்பின. “நிண்டது போதும். போயிட்டு வாங்க.” தண்ணீர் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு இரண்டிரண்டாக மதிலைச் சுற்றி வந்து, சேமக்காலை நடுவால், தாங்கள் இடம் கொடுத்தவர்களின் சிலுவைகளைக் கடந்து, பெரிய வீதியில் இறங்கியது. ஆளுயர மாரித் தண்ணீர் முன்னே நடந்தது, குட்டையான ஆவணித் தண்ணீர் பின்னால் ஓடி ஓடிப் பிடித்தது. தேவாலய மணி அடித்தது, அதைக் கேட்டுக் கோவில் மணியும் அடித்தது. ஜோர்டன் வயலின் எடுத்து வந்து, கல்யாண வீட்டு மெட்டுத்தான் தெரியும் என்று அதையே வாசித்தான். அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அன்று அழுதவள் இப்போது தன் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, அந்த முதல் தண்ணீரைத் தொடவைத்தாள். பாலத்தின் அருகே வரிசை குலையாமல் இறங்கி, கிழவன் இறால்களோடு, தண்ணீர் வாவிக்குள் போனது. வாவி ஒரு விரற்கடை உயர்ந்தது. இன்றைக்கும் அந்த அளவில்தான் இருக்கிறது.

சனம் ஆரவாரத்தோடு வாவிக்கரைக்குப் போய்விட்டபோது லொறெய்ன் மதிலுக்குப் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசையின் கடைசியில் சப்பாத்துப் பெட்டியளவுத் தண்ணீர் தனியாக நின்றது. எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னது தனக்கும்தான் என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை. பேரில்லாதது, தன்னைத் தனியாகக் கூப்பிடக் காத்திருந்தது. அவள் அதன் அருகில் குனிந்து மூச்சை இழுத்தாள். பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. சந்தியாப்பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“லொறெய்ன் அக்கா,” என்றார். “இதுக்கு மட்டும் இப்ப ஒண்டும் சொல்லாம… இன்னும் கொஞ்ச நாளைக்கு இஞ்சயே நிக்க விடுவீங்களா?”